வீணை தனம்மாளின் வீடு: வரமா, உழைப்பா?

வீணை தனம்மாளைப் பற்றி எழுதுவோர் பேசுவோர் வாயில் ‘தெய்வீகம்’, ‘வரப்பிரசாதம்’ போன்ற சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. மரியாதையோடு சொல்லப்படுபவைதாம். ஆயினும், ஒரு பெண்ணின் ஆயுட்கால உழைப்பை வரம் என்று சொல்லிவிட்டால் அவ்வுழைப்பைப் பற்றிப் பேசவேண்டிய தேவை நமக்கு இல்லாமற் போய்விடுகிறது. ஊவாவின் தேயிலை மலைகளுக்கு நடுவே தமிழ் படிப்பிக்கும் எனக்கு, சென்னையில் வாழ்ந்து மறைந்த இக்கலைஞரின் வாழ்வு முக்கியமாகப்படுவது இந்தக் கேள்வியினாலேயே.

தனம்மாள் 1867இல் பிறந்தவர். பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையோடு தொடர்புடைய ஆடற்கலைஞர். தாய் சுந்தரம்மாள் பாடகி. இசை அவருக்குத் தாய்வழிச் சொத்து. ஆனால் அச்சொத்தை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. கண்பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸிடம் பதங்களைப் பாடம் பண்ணினார். சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்றார். ஜாவளி பாடுவதிலும் பெயர் பெற்றார். ஜாவளி இயற்றிய தருமபுரி சுப்பராயர் அவரது வட்டத்தைச் சேர்ந்தவர். வீணையை வெறும் விரலால் மீட்டி, அதனோடு மெல்லிய குரலில் தானும் பாடுவது அவரது முறை. பதம் என்பது காதலையும் ஊடலையும் பொருளாகக் கொண்டு ஆறுதலாகப் பாடப்படுவது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையிலுள்ள இழைவில் அதன் உயிர் இருக்கிறது. அதைச் சுரக்குறிப்பில் எழுதிவைத்துப் படித்துவிட முடியாது. பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும், வருடக்கணக்காகக் கேட்கவேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கு வாய்த்த இடம் அவரது வீடு. மகள்மார் நால்வர். மூத்தவர்களான இராஜலக்ஷ்மியும் லக்ஷ்மிரத்தினமும் இணைந்து கச்சேரி செய்தனர். ஜயம்மாள் தன் மகள் பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்குப் பாடினார். காமாட்சியின் பிள்ளைகளில் பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடிப் புகழ்பெற்றனர். அபிராமசுந்தரி வயலின் வாசித்தார். ஜயம்மாளின் ஆண்மக்களில் ரங்கநாதன் மிருதங்கத்தையும் விசுவநாதன் புல்லாங்குழலையும் கைக்கொண்டனர். இவ்வளவும் ஒரு கூரையின் செல்வாக்கில் நிகழ்ந்தவை.

இங்கே ஒரு விடயம் கவனத்திற்குரியது. தனம்மாளின் வீடு கதவடைத்துக்கொண்ட வீடு அல்ல. பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கற்க அனுப்பப்பட்டனர். அவரது பாணியோ தாளக் கணக்கின் வீரியம் மிக்கது. தனம்மாளின் நிதானத்துக்கு ஏறத்தாழ எதிரானது. ‘எங்கள் வீட்டில் இல்லாத சங்கீதமா?’ என்று அக்குடும்பம் கேட்கவில்லை. மரபைக் காப்பதென்றால் பெட்டியில் பூட்டி வைப்பது என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உளர். அவர்கள் இந்த ஒரு செய்தியை யோசித்துப் பார்க்கவேண்டும்.

டக்ளஸ் நைட் எழுதிய பாலசரஸ்வதியின் வாழ்க்கை வரலாறு 2010இல் ஆங்கிலத்தில் வெளியாகி, பின்னர் தமிழிலும் வந்துள்ளது. நூலாசிரியர் பாலசரஸ்வதியின் மருமகன். வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்டதால் வெளியார் எவருக்கும் கிட்டாத நெருக்கம் அந்நூலுக்கு உண்டு. குறை என்று நான் கருதுவதும் அந்நெருக்கத்தோடு சேர்ந்ததே. பேத்தியை மையமாகக் கொண்ட நூலில் பாட்டி ஒரு முன்கதையாகிவிடுகிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் அவர் வாசிக்க, வந்திருந்தோர் அசையாமல் கேட்டிருந்தார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி. அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய ஆறு நாட்களும் அவ்வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள்? யார் சமைத்தார்கள், யார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சங்கதியைத் திருத்தினார்கள்? பாட்டு மரபின் வரலாறு அந்த ஆறு நாட்களில்தான் இருக்கிறது. பண நெருக்கடியும், பிற்காலத்தில் பார்வையிழப்பும் தனம்மாளின் வாழ்வில் இருந்தன. அவற்றைத் துயரக்கதையாக அன்றி, தொழில் செய்த சூழ்நிலையாக எழுதும் நூலை இன்னும் எதிர்பார்க்கிறேன்.

அவர் பிறந்த சமூகத்தைப் பற்றியும் மழுப்பாமல் பேசவேண்டும். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது; தனம்மாள் 1938இலேயே மறைந்துவிட்டார். அவ்வழக்கத்தில் சிறுமியர் பட்ட அநீதியை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் வழக்கத்தின்மீது விழுந்த பழி, கற்றுத் தேர்ந்த பெண்கள்மீதும் சேர்ந்து விழுந்தது. பாட்டை மேடைக்கு எடுத்துக்கொண்ட சமூகம், பாடியவளை வாசலில் நிறுத்தியது. பின்னர் பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தமை அக்கணக்கைச் சற்றே நேராக்கியது எனலாம்.

இனி நம் பக்கம் வருவோம். பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தாய்வழியாகவே வந்தன. லயத்துக் காம்பராவில் அப்பாயி பாடியதை மகள் கேட்டாள். கொழுந்து மலையில் மகள் முணுமுணுத்ததைப் பேத்தி கேட்டாள். சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் அலைந்து திரிந்து சேர்த்திராவிட்டால் அவற்றுள் பல அழிந்திருக்கும். என் வகுப்பில் வீட்டுப் பாடல்களை எழுதிவரச் சொன்னபோது, தோட்டத்துப் பிள்ளையொருத்தி அப்பாயியின் தாலாட்டையும், நகரத்துப் பிள்ளையொருத்தி தன் உம்மும்மாவின் தாலாட்டையும் எழுதி வந்தார்கள். இரு கொப்பிகளிலும் ‘பாடியவர்’ என்ற இடத்தில் ‘நாட்டார்’ என்றே இருந்தது. உயிரோடு வீட்டில் இருக்கும் கிழவிக்குப் பெயர் இல்லையா? பாடப்புத்தகம் அப்படித்தான் பழக்கியிருக்கிறது.

தனம்மாளையும் லயத்து அப்பாயியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். தனம்மாளுக்கு ஆசான்கள் இருந்தார்கள், பயிலும் நேரம் இருந்தது, அசையாமல் கேட்கும் சபை இருந்தது. விடியலில் பெரட்டுக்குப் போய் அந்தியில் கூடையோடு திரும்பிய பெண்ணுக்கு இம்மூன்றும் இல்லை. ஆனால் இல்லாமற் போனவை இவையே; வரம் அல்ல. தனம்மாளின் கலை வானத்திலிருந்து இறங்கியது என்றால், நம் பெண்கள்மீது அது இறங்கவில்லை என்று கைகழுவிவிடலாம். நேரமும் பயிற்சியும் கேட்பாரும் சேர்ந்து உண்டாக்கியது என்றால், அவற்றை அவர்களுக்கு மறுத்தது யார் என்று கேட்டே ஆகவேண்டும்.

அச்சேறியதால் பெயர் தப்பியவர்களும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். கீழக்கரை ஆசியா உம்மாவின் ஞானப் பாடல்களை நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிட முடிவதும் அவை எழுத்தில் நின்றதாலேயே. றபான் தட்டிப் பாடியும், தொட்டிலை ஆட்டிப் பாடியும் போன எத்தனையோ உம்மும்மாக்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தனம்மாளின் சில இசைத்தட்டுகள் எஞ்சியுள்ளன. அறுபது வயது கடந்தபின் பதிவானவை. இன்று எவரும் அவற்றைக் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம். அதே கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கிறது. நாட்டார் பாடல் சேகரிக்கும் நம் மாணவர்களும் எழுத்தாளர்களும் இனிமேலாவது பாடலின் கீழே மூன்று விபரங்களைக் குறிக்கட்டும்: பாடியவர் பெயர், அவர் யாரிடம் கற்றார், எந்த வேலைக்கு நடுவே பாடினார். தனம்மாளைப் பற்றி இவை நமக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்டு எழுத இன்னும் சிறிது காலமே இருக்கிறது.