மூடிய துரும்பு

பதுளையிலிருந்து பசறை தாண்டி நமுனுகுலவுக்கு ஏறும் வழியெங்கும் தோட்டங்கள். அங்கே சீட்டில் பிரிட்ஜ் துரைமார் பங்களாவின் ஆட்டம். லயத்து வாசலிலும் சாவு வீட்டில் கண்விழிக்கும் இரவிலும் ஓடுவது 304.

பிரிட்ஜில் முதல் தாள் இறங்கும் முன்பே துரும்பு எதுவென்று நால்வருக்கும் தெரியும். எதிராளியின் துரும்புகளை எப்போது உருவுவது, எப்போது விட்டுவைத்து வெட்டிக்கொள்வது என்பதே ஏலம் கேட்டு ஆடுபவரின் கணக்கு. 304இல் அந்தக் கணக்கோடு ஒளிவும் சேர்கிறது. முதல் நாலு தாளைப் பார்த்து 160 புள்ளிக்குக் குறையாமல் ஏலம் கேட்டு வெல்பவர், துரும்பு இனத்தில் ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறார். எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் அது தெரியாது.

எதைக் கவிழ்க்கிறார் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும். இங்கே ஜாக்தான் தலை, 30 புள்ளி. ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கையில் ஸ்பேட் ஜாக், ஒன்பது, எட்டு இருக்கிறதென்று வைப்போம். புதியவர் பெருமையாக ஜாக்கைக் கவிழ்ப்பார். வெட்டுக்கு அல்லாமல் வேறெதற்கும் அது உதவாமல் கிடக்கும். தேர்ந்தவர் எட்டைக் கவிழ்ப்பார். விவரம் தெரியாத எதிராளி ஸ்பேட் ராணியை இறக்குகிறார். கூட்டாளிக்குப் பத்தைப் போடவேண்டிய கட்டாயம், அடுத்தவருக்கு ஆஸை. கடைசியாக ஜாக் விழுகிறது. ஒரே பிடியில் 53 புள்ளி. துரும்பு இன்னும் மூடியபடியே.

வெட்டு வரும்போதுதான் முகத்துக்குச் சோதனை. இறக்கிய இனம் கையில் இல்லாத எதிராளி, துரும்பாக இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு தாளைக் குப்புறப் போடுகிறார். துரும்புக்காரர் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். துரும்பானால் காட்டித் திறக்கவேண்டும். இல்லையென்றால் திரும்பக் கவிழ்த்துவிடலாம். அப்போதே அதைப் போட்டவர் ஓர் இனத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்; புருவம் அசைந்தால் மீதியையும் ஊகிப்பார்.

ஆனாலும் என் முதல் மரியாதை கூட்டாளிக்குத்தான். துரும்புக்காரர் எந்த இனத்தைத் தானாக இறக்காமல் தவிர்க்கிறார் என்று பார்த்தே அவர் துரும்பைக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்ததையும் காட்டிக்கொள்ளாமல் ஆடுகிறார். ஜாக் வந்தால் யாரும் கேட்கலாம். கேட்டவரைக் கரைசேர்க்க அப்படியொரு கூட்டாளி வேண்டும்.