காலி நாற்காலியும் பதில் சொல்லும்

எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்தவர் இருக்கையை விட்டு எழுந்துபோனால், திறந்து கிடக்கும் திரை அந்தப் பக்கம் வருகிற யார் கைக்கும் எட்டும். சும்மா கிடக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் துண்டிக்க வேண்டும் என்று நிர்வாகிகள் நினைப்பது நியாயமே. ஆனால் அறுந்துபோன இணைப்பு வேறு, ஆளில்லாத இணைப்பு வேறு. இரண்டையும் டைம்அவுட் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், ஒரு நோய்க்கான மருந்தை இன்னொரு நோய்க்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் பலரும் இதற்கு நாடுவது ‘கிளையண்ட்அலைவ்இன்டர்வல்’ அமைப்பை. அதில் 300 என்று எழுதினால், கிளையண்டிடமிருந்து 300 விநாடி எதுவும் வராதபோது ‘இருக்கிறாயா’ என்று சர்வர் கேட்கும். கேள்விகளுக்குப் பதிலே வராவிட்டால் ஏறத்தாழ 15 நிமிடத்தில் இணைப்பை முறிக்கும். சார்ஜ் தீர்ந்த மடிக்கணினி, அறுந்த வைஃபை ஆகியவற்றால் தேங்கும் செஷன்களைக் களைய இது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கிளையண்ட் மென்பொருள். நாற்காலி காலியாக இருந்தாலும் பதில் தவறாமல் போகும். வழியிலுள்ள ரௌட்டரும் போக்குவரத்தைக் கண்டு இணைப்பை மறக்காமல் வைத்திருக்கும். துண்டிக்க வைத்த அமைப்பே இணைப்பை வாழவைக்கிறது. பதில் வராத கேள்விகளுக்கான வரம்பைக் குறிக்கும் ‘கிளையண்ட்அலைவ்கவுண்ட்மேக்ஸ்’ எண்ணை 0 ஆக்கிப் பலர் முன்பு இதைச் சமாளித்தார்கள். 2020இல் வந்த 8.2 பதிப்பிலோ, 0 என்றால் துண்டிக்கவே வேண்டாம் என்று பொருள் மாறிவிட்டது. புதிய பதிப்பிலும் பழைய வரியை அப்படியே வைத்திருக்கும் சர்வரில் இன்று காவல் இல்லை.

பாஷ் ஷெல்லின் ‘டிஎம்அவுட்’ ஆளுக்கு இன்னும் நெருங்கி நிற்கிறது: கட்டளைக்குக் காத்திருக்கும் ஷெல்லில் குறித்த நேரத்துக்குள் எதுவும் தட்டப்படாவிட்டால் வெளியேறிவிடும். ஆனால் விம் எடிட்டர் திறந்திருக்கும்வரை அந்தக் கடிகாரம் ஓடாது. 2023இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் 9.2 பதிப்பு தந்த ‘சேனல்டைம்அவுட்’ போக்குவரத்தை அளக்கிறது. டாப் கட்டளை ஓடும் திரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அதையும் ஏமாற்றிவிடும்.

இப்படித் துண்டித்தால் மணிக்கணக்கில் ஓடும் வேலை பாதியில் நிற்காதா என்பார்கள். இணைப்பை நம்பி ஓடும் வேலை வைஃபை ஒருமுறை அறுந்தாலும் நிற்கத்தான் செய்யும். டீமக்ஸ் மென்பொருளுக்குள் ஓட்டினால் இணைப்பு போனாலும் வேலை தொடரும். எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் பாதுகாப்பு கூடுமே என்பது அடுத்த வாதம். ஆளைக் காணாத அமைப்பில் 300ஐ 60 ஆக்கினாலும் அது ஆளைக் காணப்போவதில்லை. கேள்விதான் அடிக்கடி போகும். ஆள் எழுந்துபோனபின் பிறர் கையை முதலில் தடுக்கக்கூடியது அவர் கணினியின் திரைப்பூட்டு. சர்வரின் டைம்அவுட் இரண்டாம் வேலி. அந்த வேலி நிற்கிறதா என்று அறிய வழி ஒன்றுதான்: அமைப்பை எழுதியபின் உள்ளே நுழைந்து, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், விம்மைத் திறந்துவைத்து இன்னொரு முறையும்.