தப்பாகப் போன மெயில்

ஒரு பத்திரிகையின் சந்தாவை நிறுத்தச் சொல்லி எம்மி ஈ-மெயில் போடுகிறாள். முகவரியில் விரல் தடுக்கியதில் அது லியோ என்ற முன்பின் தெரியாத ஆளுக்குப் போய்விடுகிறது. 'அம்மணி, ராங் நம்பர்' என்கிற ரீதியில் அவன் மரியாதையாகப் பதில் போடுகிறான். பல மாதம் கழித்து, ஊருக்கெல்லாம் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அவனுக்கும் போகிறது. இந்த முறை பதிலில் கொஞ்சம் நக்கல். பற்றிக்கொள்கிறது.

ஆஸ்திரிய எழுத்தாளர் டேனியல் கிளாட்டாவர் 2006-ல் ஜெர்மனில் எழுதிய இந்த நாவல், 2011-ல் 'லவ் வர்ச்சுவலி' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. வர்ணனை கிடையாது, வானிலை கிடையாது. மொத்தமும் மெயில்கள்தான். லியோவுக்கு வேலையே மெயிலில் மனித உணர்ச்சி எப்படி வெளிப்படுகிறது என்று ஆராய்வது. சோதனை எலியாக அவனே மாட்டிக்கொள்கிறான்.

ஒரே நேரத்தில் கூட்டமான காபிக் கடைக்குப் போய், பேசாமல், யார் யாரென்று கண்டுபிடிப்பதாக ஒரு விளையாட்டு. அதற்குப் பிறகு நடக்கும் விசாரணை அபார காமெடி.

நமக்கு உடனே 1996-ன் 'காதல் கோட்டை' ஞாபகம் வரும். அங்கே இருவரும் சந்தித்தால் தியேட்டரில் விசில். இங்கே சந்தித்தால் ஒரு குடும்பம் உடையும். எம்மிக்குக் கணவன் இருக்கிறான், அவனுடைய முதல் தாரத்துக் குழந்தைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்தக் கணவன் பெர்ன்ஹார்ட் லியோவுக்கு எழுதும் நீளமான மெயில்தான் நாவலின் உச்சம். 'அவளை நேரில் சந்தித்துவிடு' என்று கெஞ்சுகிறான். உருவமே இல்லாத ஒருத்தனோடு, தினம் பல் தேய்த்து ஆபீஸ் போகிற புருஷன் எப்படிப் போட்டி போடுவான், சொல்லுங்கள்? அதுவரை சிரித்த நமக்கே குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது.

குறை உண்டு. 'சந்திக்கலாமா, வேண்டாமா' என்ற இழுபறி நடுவில் அலுக்கிறது. பெர்ன்ஹார்டுக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் முடிவில் சமரசம் இல்லை. கடைசி மெயிலை அனுப்புவது எம்மியும் இல்லை, லியோவும் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். அந்த ஈரமில்லாத இரண்டு வரி போட்ட போடு போதாதென்றோ என்னவோ, வாசகர்களுக்காக 2009-ல் இரண்டாம் பாகம் எழுதினார். ஆறுதல் வேண்டுவோர் அதைப் படிக்கலாம். எனக்கு முதல் பாகமே போதும்.