ஹிட்டாச்சியில் தொங்கும் ஹியூம் பைப்

சிதம்பரம், அண்ணாமலை நகர்ப் பக்கம் வடிகாலுக்கோ சிறு பாலத்துக்கோ ஹியூம் பைப் இறக்குகிற இடங்களில் கிரேனைக் காண்பது அரிது. பள்ளம் தோண்டிய ஹிட்டாச்சியே பைப்பையும் தூக்கி இறக்கிவிடும். இந்த வழக்கத்தை அடியோடு தவறென்று நான் சொல்லமாட்டேன். கிரேன் திரும்ப முடியாத தெருவுக்குள் ஹிட்டாச்சி போகும். வாய்க்கால் கரைச் சேற்றிலும் செயின் வண்டி நகரும். தூக்குவதற்கும் பயன்படும் என்று தெரிந்துதான் தயாரிப்பாளர்கள் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட் தருகிறார்கள். நாம் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சார்ட்டை விட்டுவிட்டோம்.

அந்த சார்ட் நல்ல அறிவோடு எழுதப்பட்டது. வண்டியைக் கவிழ்க்கும் எடையில் 75 விழுக்காடு, ஹைட்ராலிக் தூக்கும் வலுவில் 87 விழுக்காடு. இரண்டில் எது குறைவோ அதுவே அனுமதி. 1000 மி.மீ. உள்விட்டம், 115 மி.மீ. சுவர்த் தடிமன், இரண்டரை மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் பைப் ஏறக்குறைய இரண்டரை டன் இருக்கும். வண்டிக்கு அருகில் அது எளிதாகத் தெரியும். பூமை நீட்ட நீட்ட அதே பைப் வண்டியை முன்னே சாய்க்கத் தொடங்கும். செயினின் நீளவாக்கில் தாங்குகிற எடையைப் பக்கவாட்டில் திரும்பியதும் தாங்காமல் போகலாம். தோண்டிய பக்கெட்டைக் கழற்றாமல் தூக்கினால் அதன் எடையையும் கழித்துப் பார்க்க வேண்டும். எடை போடுவதைக் காட்டிலும் தூரத்தை அளப்பதே இங்கே முதல் வேலை.

மாட்டும் விதம் இன்னும் கவலை தருகிறது. பக்கெட்டுக்குப் பின்னால் தூக்குவதற்கென்றே வளையம் உள்ள வண்டிகள் உண்டு. அது இருக்க, சங்கிலியைப் பக்கெட் பல்லில் கோத்துவிடுகிறார்கள். பக்கெட் சற்றே விரிந்தாலும் சங்கிலி வழுக்கும். பெல்ட் என்றால் பல்லின் விளிம்பு அறுக்கும். சங்கிலியின் இரு கால்களுக்கு இடையே கோணம் 120 பாகையானால் ஒவ்வொரு காலிலும் முழு எடையும் விழும் என்பதைக் கட்டுகிறவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. கீழே ஒரு ஹெல்பர் பைப்பின் வாயைக் கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருப்பார். தாங்கு வால்வு இல்லாத வண்டியில் ஹோஸ் வெடித்தால் பூம் அப்படியே இறங்கும்; அவருக்கு விலகப் பள்ளத்தில் இடமிருக்காது. பைப்பில் நீளக் கயிறு கட்டி, கரையில் நின்று திருப்பினால் போதும். அதற்குச் செலவு என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை.

சார்ட்டுக்கும் ஒரு போதாமை உண்டு. அதன் எண்கள் உறுதியான, சமமான தரைக்கானவை. காவிரிக் கடைமடையான இந்தப் பகுதியின் களிமண், ஐப்பசி மழைக்குப் பிறகு அப்படி இருப்பதில்லை. கான்சாகிப் வாய்க்கால் ஓரத்தில் புதிதாக வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் வண்டிக்குச் சார்ட் சொல்லும் எடையை அப்படியே நம்ப முடியாது. 2023 ஜனவரியில் நெமிலி அருகே கீழ்வீதி கோயில் திருவிழாவில் கிரேன் சாய்ந்து உயிர்கள் போயின. தூக்குவதற்கென்றே செய்த வண்டிக்கே அந்த நிலை.

இத்தனையையும் ஆபரேட்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் மணி வாடகை வண்டியில் வருகிறவர். “ஒரு பைப்தானே, தூக்கிப் போடுப்பா” என்று மேஸ்திரி சொன்னால் மறுக்கும் இடத்தில் அவர் இல்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகள் தூக்கும் சாதனங்களை ஆண்டுதோறும் தகுதியானவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்கின்றன. தோண்டும் வண்டி என்றே எல்லாரும் எண்ணுவதால் ஹிட்டாச்சி விஷயத்தில் அது யார் நினைவுக்கும் வருவதில்லை. பைப் இறக்கும் வேலைக்கு எஸ்டிமேட் போடும்போதே பெல்ட், ஷாக்கிள், வண்டி நிற்க இரும்புத் தகடு ஆகியவற்றுக்குத் தனி வரி எழுதப்பட வேண்டும். பைப்பின் எடையும் எட்டவேண்டிய தூரமும் தமிழில் ஒரு தாளில் எழுதி, வேலை தொடங்குமுன் ஆபரேட்டர் கையில் கொடுக்கப்பட வேண்டும். சார்ட்டுக்கு மீறினால் மறுக்கலாம், அதற்காக வாடகை குறையாது என்று அதே தாளில் பொறியாளர் கையெழுத்திட வேண்டும்.