களஞ்சியத்தின் திறவுகோல்

நம் மாணவர் பலர் விரும்பி ஆடும் கணினி விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் விமர்சனத்தின் கடமையாகாது. கதைக்கு ஒரு சமூக நோக்கு இருப்பதுபோல, விளையாட்டின் விதிகளுக்கும் ஒன்று உண்டு. 1991இல் சிட் மெயரின் பெயரால் வெளிவந்த 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டையும் அதன் வழிவந்த பாகங்களையும் இந்நோக்கில் ஆராய்வது பயனுடையது.

ஆடுபவர் ஒரு நகரை நிறுவுகிறார். அதனைச் சூழ்ந்த நிலத்தில் பிரஜைகள் உழைக்கின்றனர். ஒவ்வொரு பிரஜைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 2 பங்கு உணவு வேண்டும். எஞ்சியது சேமிப்பிற் சேரும். சேமிப்பு நிரம்பியதும் ஒரு பிரஜை கூடுவார்; சேமிப்போ வெறுமையாகும். மட்பாண்டக் கலையைக் கற்றுக் களஞ்சியம் கட்டிய நகரில் மட்டும் அதிற் பாதி எஞ்சும்; அடுத்த வளர்ச்சி விரைவுறும். சேமிப்புத் தீர்ந்தும் பற்றாக்குறை நீடித்தால் நகரம் சுருங்கும்.

இவ்விதிகளில் ஓர் உண்மை உண்டு. உழவரின் உபரி தானியமே நகரங்களைத் தோற்றுவித்தது என்பதை 1936இலேயே கோர்டன் சைல்ட் விளக்கினார். மன்னரின் வீரமே வரலாறு எனக் கற்ற மாணவருக்கு, அரண்மனைக்கு முன்னர் களஞ்சியம் தோன்றியதை இவ்விளையாட்டு உணர்த்துகிறது. அது பாராட்டுக்குரியது. ஆயின், உபரி யார் கையிற் சேர்ந்தது என்ற வினாவையும் சைல்ட் எழுப்பினார். விளையாட்டு அதனை எழுப்பவில்லை. அங்கே களஞ்சியத்துக்குப் பூட்டுமில்லை, திறவுகோலுமில்லை.

மலையகத்தின் வரலாறு இம்மௌனத்தை உடைக்கிறது. 1884இல் ஹட்டனை அடைந்த புகையிரதம் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கியது. துறைமுகமும் வர்த்தக நிறுவனங்களும் செழித்தன. தேயிலை படர்ந்த மலைச்சரிவுகளில் உழைத்தவருக்கு நெல் விளையவில்லை. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கிற்று; அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. களஞ்சியத்தின் திறவுகோல் துரையிடம் இருந்தது.

2016இல் வெளிவந்த ஆறாம் பாகத்தில் தேயிலை ஓர் ஆடம்பரப் பொருள், நகரத்தாருக்கு மகிழ்வூட்டுவது. தோட்டத்தை அமைக்கும் தொழிலாளி, பொதுவாக மூன்று வேலைகளை முடித்ததும் திரையிலிருந்து மறைந்துபோகிறார். அதன்பின் அந்நிலத்தில் உழைப்பவரோ பிரஜை. ஆகவே நகரின் உணவில் அவருக்குப் பங்குண்டு. உழைப்பவர் யாவரும் பிரஜையே என்பது விளையாட்டின் விதி. மலையகத்தில் நிகழ்ந்ததோ வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவ்விழிநிலையின் எச்சத்தை நீக்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானிய விலை ஏறியபோது, இலங்கையிற் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டது. கிராமத்தவருக்குச் சிறிதேனும் நிலமிருந்தது. லயனில் வாழ்ந்தவருக்கு அதுவுமில்லை. வேலைநாட்களும் குறைந்தன. தோட்டங்களில் மரணவீதம் கடுமையாக உயர்ந்தது. அக்காலத்திலும் கொழுந்து பறிக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் கப்பலேறின.

விளையாட்டிற் பசி என்பது ஆடுபவரின் கணக்குப் பிழை. மலையகத்தில் அது உடைமையின் விளைவு. உரிமை மறுப்பின் விளைவு. ஆசிரியர்கள் இவ்விளையாட்டைத் தடைசெய்ய வேண்டியதில்லை. அதனை வகுப்பறைக்கே கொண்டுவந்து, களஞ்சியம் நிரம்பும் கணத்தில் ஆட்டத்தை நிறுத்தி, "இதன் திறவுகோல் யாரிடம்?" என மாணவரிடம் வினவட்டும். வரலாற்றுப் பாடம் அவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.