போய்ட்டு வா

முற்றத்தில் கூப்பிட்டால் செவலை பத்துக்குப் பத்து முறை வந்துவிடும். எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி. ஈரல் துண்டை நான் கையில் எடுக்கும் முன்பே காலடியில் வந்து நிற்கும். அந்தத் தைரியத்தில் ஒரு சித்திரை மாத விடியலில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கூட்டிப்போய்க் கழுத்துப் பட்டையின் கொக்கியைக் கழற்றினேன். ஐந்து நிமிடம் எல்லாம் நல்லபடியாகப் போனது. பிறகு சீமைக் கருவேலத்துக்குள்ளிருந்து ஒரு மயில் வெளியே நடந்து வந்தது. அதற்கப்புறம் எத்தனை 'வா' கத்தினேன் என்று எண்ணவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, நாக்குத் தொங்க, விலாவெல்லாம் முள் கீறலோடு தானாகத் திரும்பி வந்தது. நல்லவேளை, மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல் இருக்கிறது. ஆகியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு தொனியில் எழுத வேண்டியிருந்திருக்கும்.

அவிழ்த்துவிட்ட நாயைக் கூப்பிட்டால் வரப் பழக்குவதைப் பயிற்சியாளர்கள் 'ரீகால்' என்கிறார்கள். இன்று பெரும்பாலோர் சொல்லித்தரும் முறை எளிமையானது. ஒரு சொல்லைத் தேர்ந்தெடு. அந்தச் சொல்லைச் சொன்னதும் நாய்க்குப் பிடித்ததைக் கொடு. முதலில் இரண்டடி தூரத்தில், பிறகு அடுத்த அறையிலிருந்து, பிறகு முற்றத்தில். வெளியே போகும்போது முப்பது அடிக் கயிறு ஒன்றை உடம்புப் பட்டையில் கட்டித் தரையில் இழுபட விடு. நாய் வராவிட்டாலும் ஓடிப்போக முடியாது. வந்தால் கொண்டாடு, வராவிட்டால் திட்டாதே. மாதக்கணக்கில் இதைச் செய்த பிறகே கயிறு கழற்றப்பட வேண்டும். (நான் எந்த இடத்தில் அவசரப்பட்டேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.)

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் பலமும் தெரியும். நாய்ப் பயிற்சியின் பழைய மரபு படையிலும் காவல்துறையிலும் பிறந்தது. ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடும், அமெரிக்கரான வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூலும் கயிற்றையும் சுண்டுதலையும் நம்பியவை. கீழ்ப்படியாத நாய்க்குக் கழுத்தில் பதில் கிடைக்கும். இதற்கு எதிர்த்திசையில் வந்தவர் கேரன் பிரையர். ஹவாயில் ஓங்கில்களை (டால்பின்களை)ப் பழக்கியவர். 1984இல் அவர் எழுதிய புத்தகம் நாய் வளர்ப்போரின் போக்கையே திருப்பியது. ஓங்கிலின் கழுத்தில் கயிறு கட்ட முடியாது. அடிக்கக் கை ஓங்கினால் அது குளத்தின் மறுகரைக்குப் போய்விடும். ஆகவே அதுவாக விரும்பி வருவதற்கான வழியைத் தேடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவிழ்த்துவிட்ட நாயும் அந்தக் கணத்தில் ஓங்கில்தான். கயிறு இல்லாத இடத்தில் கயிற்றை நம்பிய பயிற்சிக்கு வேலை இல்லை என்பதை இந்த மரபு சரியாகப் பிடித்துக்கொண்டது.

ஷாக் காலர்க்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: கயிறு இல்லாவிட்டால் என்ன, ரிமோட் இருக்கிறதே. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கூப்பிட்டால் வராதது போன்ற குறைகளுள்ள 63 நாய்களை 21, 21, 21 ஆகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மின் அதிர்ச்சிப் பட்டையோடு பயிற்சி. அந்தப் பட்டை கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை; வெகுமதியை மையமாக வைத்துப் பழக்கிய நாய்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. வேல்ஸ் நாடு அதற்குப் பத்து வருடம் முன்பே, 2010இல், அந்தப் பட்டையைத் தடை செய்துவிட்டது. வலியால் பழக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிர்ச்சி வரும் நொடியில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதன்மேல் பழி போடும். எதிரே சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பையன்மேல் அந்தப் பழி விழுந்தால், அதை எந்த ரிமோட்டாலும் திருப்ப முடியாது.

ஆக, தீனி கொடுத்துப் பழக்கும் முறையின் அடிப்படையில் எனக்குச் சண்டை இல்லை. அதைச் சுற்றிக் கட்டப்படும் உத்தரவாதத்தோடுதான் சண்டை. 'ஆறு வாரத்தில் நூற்றுக்கு நூறு' என்கிறார்கள். அந்த நூறு எங்கே அளக்கப்பட்டது? பெரும்பாலும் முற்றத்தில், பசி நேரத்தில், வேறு வேடிக்கை இல்லாத இடத்தில். அடுக்களையில் கற்ற சொல் கண்மாயில் நாய்க்குப் புதுச் சொல். நமக்கு அது ஒரே 'வா'. நாய்க்கோ, ஈரல் வாசனையும் சிமென்ட் தரையும் சேர்ந்ததுதான் அந்தச் சொல். மயிலும் புழுதியும் காற்றும் நிறைந்த இடத்தில் அதை ஆனா ஆவன்னாவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

வயதும் ஒரு கணக்கு. குட்டி நான்கு மாதத்தில் நம் காலைச் சுற்றி வருவது பயிற்சியின் வெற்றி என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி அதன் பயம். அந்தப் பயம் போகும் வயதில் நாயும் போகிறது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு, குட்டிகளை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் ஒப்பிட்டது. 8 மாதத்தில், வளர்ப்பவர் 'உட்கார்' என்றால் முன்பைவிடக் குறைவாகவே கேட்டன. அதே நாய்கள் அந்நியர் சொன்னால் கேட்டன. பதின்ம வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. அவர்கள் சோதித்தது உட்காருவதைத்தான், ஓடிவருவதை அல்ல. ஆனாலும் செவலை மயிலைக் கண்ட வயது எட்டு மாதம் என்பதை நான் மறக்கவில்லை.

இனத்தைப் பற்றிப் பயிற்சி நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. அவை பெரும்பாலும் லாப்ரடாரையும் கோலியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒன்று, சுட்ட பறவையை எடுத்து மனிதன் கைக்குக் கொண்டுவரத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டது. மற்றது, மேய்ப்பன் சீழ்க்கைக்குக் காதைத் திருப்ப. சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் கண்ணால் வேட்டையாடுபவை. கரிசல் காட்டில் முயல் எழுந்ததும் பின்னால் பார்க்காமல் ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. பாதியில் திரும்பி எசமானின் முகத்தைப் பார்த்த நாய்க்கு அந்தக் காலத்தில் யாரும் குட்டி கேட்டு வந்திருக்க மாட்டார்கள். அந்த ஓட்டமே அதற்குக் கூலி. ஓடிக்கொண்டிருக்கும் நாய்க்கு ஈரலைக் காட்டுவது, சினிமாவின் கடைசிக் காட்சியில் இருப்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் வீட்டில் 'வா' என்பது ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கிறது! விருந்தாளிக்கு, பிள்ளைக்கு, தொலைபேசியில் தம்பிக்கு. அதில் எது தனக்கு என்று நாய் எப்படிப் பிரிக்கும்? அதனால்தானோ என்னவோ பலரும் நாயிடம் 'கம்' என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தேவையில்லை. நம்மிடம் 'தோ தோ' இருக்கிறது. வேறு எதற்கும் பயன்படாத, குட்டையான, அடுக்கிவரும் ஒலி. அமெரிக்க ஆய்வாளர் பட்ரீஷியா மக்கானல் 1990இல் வெளியிட்ட சோதனையில், குட்டிகளை வரவழைக்க ஒரு நீண்ட ஒலியைவிட அடுத்தடுத்து வரும் குட்டை ஒலிகளே நன்றாக வேலை செய்தன. காக்கைக்குக் 'கா கா', கோழிக்குப் 'பா பா', நாய்க்குத் 'தோ தோ' என்று அடுக்கிக் கூப்பிட்ட நம் பாட்டிகள் எந்தப் பத்திரிகைக்கும் கட்டுரை அனுப்பவில்லை.

விசில் இன்னும் நல்லது என்பார்கள். உண்மைதான். கோபம் வந்தாலும் விசிலின் குரல் மாறாது. பிரிட்டனில் செய்யப்படும் அக்மி விசில்களில் 210.5, 211.5 என்று எண் போட்டிருப்பார்கள். தொலைந்தால் அதே சுருதியில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நான் அவசரத்தில் கடைத்தெருவில் சாதாரண விசில் ஒன்றை வாங்கிப் பழக்கினேன். எங்கள் தெரு முனையில் டவுன் பஸ் நிற்கும். நடத்துநர் ஊதும்போதெல்லாம் செவலை ஈரல் கேட்டு என் முன்னால் வந்து நின்றது. ஒரு வாரத்தில் விசிலுக்கும் மதிப்புப் போய்விட்டது.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். அடிப்படையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் நாயை எப்போது கூப்பிடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். விளையாட்டு முடியும்போது. குளிப்பாட்டும்போது. மருந்து கொடுக்கும்போது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டபோது. வந்ததும் கொக்கி மாட்டப்படும். ஒரு ஈரல் துண்டுக்கு அன்றைய சுதந்திரம் முழுவதும் விலை. நாய் அப்படி ஒன்றும் கணக்குத் தெரியாத பிராணி இல்லை. எங்கள் வீட்டில் ஒரு மாதம் நானே இதைச் செய்தேன்; செவலை வருவதை நிறுத்தவில்லை, கைக்கெட்டாத தூரத்தில் வந்து நிற்கக் கற்றுக்கொண்டது.

உளவியலாளர் டேவிட் பிரிமேக் 1950களின் முடிவில் முன்வைத்த ஒரு கருத்து இதற்கு வழி காட்டுகிறது. ஓர் உயிர் அதிகம் செய்ய விரும்பும் செயலையே, குறைவாக விரும்பும் செயலுக்குக் கூலியாக்கலாம். வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம் என்று சொல்லும் எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த விஷயம். நாய்க்கு இதைப் பொருத்தினால், வந்ததற்குக் கூலி மறுபடி போவது. கூப்பிடு, வந்ததும் கழுத்தைத் தொடு, கொக்கி மாட்டாதே, திரும்ப அனுப்பு. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை அனுப்பிவிடு. தமிழில் இதற்குச் சொல்லைத் தேட வேண்டியதே இல்லை. வாசலில் யாரையும் நாம் வெறும் 'போ' என்று அனுப்புவதில்லை. 'போய்ட்டு வா.' செவலையை விடும்போது இதைத்தான் சொல்லத் தொடங்கினேன். முப்பது அடிக் கயிறு பின்னால் புழுதியைக் கோடு போட்டுக்கொண்டே போகும். மூன்று மாதத்தில், ஆட்டுமந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுகூட 'தோ தோ'வுக்குத் திரும்பியது. மயில் விஷயத்தில் இன்னும் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வழிக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு, அது நிலம். 'போய்ட்டு வா' என்றால் போவதற்கு இடம் வேண்டும். எனக்குக் கண்மாய் இருந்தது, அதுவும் கோடையில் மட்டும். நகரத்தில் அடுக்குமாடியில் வளரும் நாய்க்கு எது இருக்கிறது? தெருவில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு நாய்க்கூட்டம் எல்லை வகுத்திருக்கிறது. இடைவெளியில் மோட்டார் சைக்கிள்கள். தீபாவளி மாதத்தில் எந்நேரமும் ஒரு வெடி. அதற்கு மிரண்டு ஓடும் நாய் காதில் எந்தச் சொல்லும் ஏறாது. மதில் வைத்த காலி மனையோ தோப்போ கிடைக்காதவர், இந்தப் பயிற்சியை வீட்டுக் கதவு தவறித் திறந்துகொண்டால் உதவும் காப்பாக வைத்துக்கொள்ளலாம். கொக்கியைக் கழற்ற அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இன்னொருவரையும் இந்தப் பயிற்சி மறந்துவிடுகிறது. எதிரே வருபவரை. கடற்கரையில் காலை நடைக்கு வரும் பெரியவரை நோக்கி நாய் பாய்கிறது. இருபதடி முன்னால் கூப்பிட்டதும் நின்று திரும்புகிறது. பயிற்சியாளர் கணக்கில் இது முழு மதிப்பெண். 'என் நாய் ஒண்ணும் பண்ணாது சார்' என்கிறார் வளர்ப்பவர். பெரியவருக்கோ அந்த இருபதடியிலேயே உயிர் போய் வந்துவிட்டது. வெறிநாய்க்கடியில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும் நாட்டில் அந்தப் பயத்தை மடமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தெரு முனை டீக்கடையில் ஒரு வெள்ளை நாய் உண்டு. யாரும் பழக்கியதில்லை. டீ மாஸ்டர் நாக்கைச் சப்புக் கொட்டினால் போதும், ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து வண்டிகளுக்கு நடுவே வளைந்து வந்து, பன் துண்டை வாங்கிக்கொண்டு போய்விடும். அத்தனை துல்லியமான வருகையை நான் எந்தப் பயிற்சி மைதானத்திலும் பார்த்ததில்லை. கூப்பிட்டு வந்த பிறகு அதை யாரும் கட்டிப்போட்டதில்லை. போன மாசியில் கருத்தடைக்காக நாய் பிடிக்கும் வண்டி வந்தது. மற்றவை ஓடிவிட்டன. இதைப் பிடிக்க முடியாமல், கடைசியில் மாஸ்டரிடமே வந்து கேட்டார்கள். அவர் சப்புக் கொட்டினார், அது வந்தது, வலை விழுந்தது. நல்ல காரியத்துக்குத்தான். சில நாளில் காது நுனி வெட்டிக் கொண்டுவந்து அதே முனையில் விட்டுவிட்டார்கள். இப்போதும் மாஸ்டர் தினமும் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சப்புக் கொட்டுகிறார். நாய் எதிர்ப்பக்கம் எழுந்து நின்று வாலை ஆட்டுகிறது. அவர் பன்னைத் தரையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிய பிறகுதான் ரோட்டைக் கடக்கிறது.