முதுகைக் கேட்காத நாற்காலி

அலுவலக நாற்காலியில் லீவர் இல்லாததே இப்போது பெருமை. உட்காருபவர் எதையும் திருக வேண்டாம், நாற்காலியே அவரைப் புரிந்துகொள்ளும் என்கிறார்கள். இதற்குச் சான்றாக அமெரிக்க வடிவமைப்பாளர் நீல்ஸ் டிஃப்ரியன்ட்டையும் 1999இல் வந்த அவருடைய ஃப்ரீடம் நாற்காலியையும் காட்டுகிறார்கள்.

அவர் திறமையில் சந்தேகமில்லை. ஃப்ரீடத்தில் சாய்ந்தால் இருக்கை சற்றே மேலெழும். நம் எடையே சாய்வுக்கு எதிரெடையாகிவிடும். தலைதாங்கி தானாக வந்து கழுத்தை ஏந்தும். இருக்கையின் உயரத்தையும் ஆழத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பலருக்கு இது சுகமான நாற்காலிதான்.

ஆனால் சாய்வின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இல்லை. சாய்வை நிறுத்திவைக்கப் பூட்டும் இல்லை. என் ஆட்சேபம் இங்கேதான். எழுபது கிலோவில் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு மேலுடம்பு பாரம். சாயும்போது இருவரும் முதுகுப்பலகையில் தரும் அழுத்தம் வேறு வேறு; நாற்காலி காட்டும் எதிர்ப்போ ஏறக்குறைய ஒன்றே. முன்னவருக்கு இறுக்கம், பின்னவருக்குத் தளர்வு. முதுகுவலிக்காரர் சாய்வை ஒரே கோணத்தில் பூட்டிவைக்க நினைத்தால் வழியே இல்லை.

டிஃப்ரியன்ட் அறியாததல்ல இது. ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது, 1974இல், சக ஊழியர்களோடு ‘ஹியூமன்ஸ்கேல்’ உடல் அளவுத் தகடுகளை உருவாக்கியவர் அவர். தகட்டிலுள்ள வட்டைச் சுழற்றினால் சிறு ஜன்னல்களில் ஆளுக்கு ஆள் அளவுகள் மாறும். உடம்புக்கு உடம்பு வேறுபடும் என்பதை வடிவமைப்பாளர்களின் கையிலேயே கொடுத்தார். உட்காருபவரின் கையிலிருந்தோ திருகைப் பிடுங்கிக்கொண்டார்.

லீவரை யாரும் தொடுவதில்லை என்பது அவர் தரப்பு வாதம். இருக்கைக்கு அடியில், எது எதற்கென்று விளங்காதபடி நான்கைந்தை ஒளித்துவைத்தால் யார் தொடுவார்கள்? அது வடிவமைத்தவரின் தோல்வி. கைக்கெட்டும் இடத்தில் தெளிவான ஒரு திருகு வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அதை விட்டுத் திருகையே எடுத்துவிட்டு, பழியை உட்காருபவர் தலையில் கட்டுகிறார்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருபவர் அவர். தன் முதுகுக்கு எது இதம் என்று சொல்லும் உரிமையும் அவருடையதே. அதைக் கொடுக்காத நாற்காலி எத்தனை விருது வாங்கினாலும் அரைகுறை வேலைதான்.